புதுசாப் போட்ட கிளட்ச்

வெள்ளிக்கிழமை, காலை. கிள்ளான்.

என் மனைவியின் கார் வாசலிலேயே நின்றது. நான்கு கதவு, குளிர்சாதனம், ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், சாவியைத் திருகினால் மறுபேச்சில்லாமல் கிளம்பும். நான் எடுத்தது அதன் பக்கத்தில் நின்ற சிவப்பு வண்டியை. இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரையைக் கையால் மடக்கிப் பின்னால் தள்ளலாம். மழை வந்தால் அதே கையால் இழுத்து மூட வேண்டும், மூடி முடிப்பதற்குள் முக்கால்வாசி நனைந்திருப்போம். மூன்று வருடமாக இதைப் பழுது பார்க்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். மூன்று வருடமாகப் பணத்தைக் கொட்டுகிறேன் என்பது வீட்டு வழக்கு.

போகிற இடம் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து எப்படிப் பார்த்தாலும் இருநூற்று அறுபது கிலோமீட்டர் வரும். அங்கே முரளியின் வீடு. கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் கிடந்தவன், பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி ஈப்போவில் ஒரு ஏர்கான் கடையில் சேர்ந்துவிட்டான். "வண்டி ரெடின்னு சொல்றியே தவிர, கண்ணுல காட்ட மாட்டேங்கிறியேலா" என்று போனில் குறைபட்டுக்கொண்டே இருந்தான். காட்டுவதற்காகத்தான் போனேன். நண்பனைப் பார்க்க, ஊரைச் சுற்ற என்பதெல்லாம் லீவு பாரத்தில் எழுத நன்றாக இருந்த காரணங்கள்.

பக்கத்து சீட்டில் என் நண்பன் ரவின். கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். காரைப் பற்றி எல்லாம் தெரியும், ஆனால் எல்லாமே வீடியோவில் பார்த்தது. ரவாங் வரைக்கும் பேசினான். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி ஆளுக்கு ஒரு தே தாரிக் தேநீர் குடித்தோம். கோப்பை இரண்டு வெள்ளி ஐம்பது காசு. இரண்டு பையன்கள் வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன்.

கோப்பெங்குக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் மலைகள் சாலைக்கு இருபுறமும் எழும்பி நிற்கும் இடத்தில் ஓர் ஏற்றம் உண்டு. அங்கேதான் முதலில் தெரிந்தது. அழுத்தினேன். இன்ஜின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. மீட்டர் முள் மேலே போகிறது, வண்டி அதே இடத்தில் ஓடுகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று அதற்குப் பெயர். இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தட்டு தேய்ந்துபோய், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. காலை எடுத்தேன். பிடித்துக்கொண்டது. ரவினைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை, மாலை. சுங்கை சிப்புட்.

முரளி இருக்கும் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். தொழிலாளர் லயங்கள் போய், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் வரிசையாக வந்துவிட்டன. ரப்பர் போய், தாமானைச் சுற்றி மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆனாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் தோட்டத்தின் 'ரெண்டாம் டிவிஷன்'தான். வழி கேட்டபோது தாமான் பெயரைச் சொன்னேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ரெண்டாம் டிவிஷன் என்றதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை காட்டினார்கள்.

வீட்டில் முரளி, அவன் அப்பா, தங்கை செல்வி, செல்வியின் கணவர் தேவா. முரளியின் அப்பா தாமான் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வேன் ஓட்டுகிறார். கண்ணில் புரை. இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். தேவா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அகலமான ஆள், பேச்சும் அகலம். தன்னைப் போல இந்தப் பக்கத்தில் லாரி ஓட்ட ஆள் கிடையாது என்று சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு முறை சொன்னார். செல்வி ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆமாம்ணே, அந்த மாதிரி வீட்டுக்கே வராத ஆளும் கிடையாது" என்றாள். ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்குமாம். குலையை இறக்கும் வரை வண்டியிலேயே தூக்கம். அதனால்தான் மாமனாரின் வேனைத் தேவா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லாரும் ஆசைப்பட்டார்கள். மாமனார் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை, அந்தக் கணக்கு அவருக்கு இன்னும் தீரவில்லை என்று முரளி பிறகு சொன்னான்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் எதிர்பார்த்து வந்த நேரம் அது. பானெட்டைத் திறந்து காட்டினேன். சீட்டுத் தோலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "ரேடியேட்டர் மாத்திட்டேன், ஷாக் மாத்திட்டேன், கிளட்ச் புதுசா போட்டேன்" என்றேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நான் சொன்னது பொய் இல்லை. கிளட்சைப் போன மாதம்தான் போட்டேன், ஆகவே புதுசாகப் போட்டேன். ஆனால் போட்ட பொருள் பழசு. ஜப்பானில் ஓடிக் களைத்த கார்களைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து உதிரியாக விற்கும் கடைகள் நம் நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பொத்தோங் கடை என்போம். அப்படி ஒரு கடையில் எடுத்தது. "இன்னும் நல்லா இருக்கு போஸ்" என்று கடைக்காரன் சொன்னான், நானும் நம்ப ஆசைப்பட்டு நம்பினேன். தமிழில் 'புதுசா போட்டேன்' என்றால் இப்போதுதான் போட்டேன் என்றும் இருக்கலாம், புதுப் பொருள் போட்டேன் என்றும் இருக்கலாம். கேட்கிற எல்லாரும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். கிள்ளானில் பல பேரிடம் இந்த வாக்கியத்தை இதே மாதிரி சொல்லிப் பழகியிருந்தேன்.

"ஒரு ரவுண்டு குடுப்பீங்களா அண்ணே?" என்று தேவா கேட்டார். கேட்கும்போதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கோப்பெங் ஏற்றம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இத்தனை பேர் நிற்கும்போது வண்டியில் கோளாறு என்று சொல்ல வாய் வரவில்லை. தாராளமானவன் என்று பெயர் எடுக்கவும் ஆசை. சாவியைத் தூக்கிப் போட்டேன். தேவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் நுழைந்தார். கூரை திறந்திருந்ததால் தலை கண்ணாடிக்கு மேலே நின்றது. செல்வி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். செம்பனைக்கு நடுவே ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது முகம் பள்ளிக்கூடப் பிள்ளை முகமாக இருந்தது.

சனிக்கிழமை, காலை.

முரளியின் அப்பாவுக்கு இன்னும் தோட்டத்துப் பழக்கம். விடிவதற்கு முன்னால் எழுந்து கதவு கதவாகத் தட்டி, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று எழுப்பினார். அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். இப்போது காப்பி குடிக்கக் கூப்பிடுவதற்கு.

காப்பி குடித்துவிட்டு ஈப்போவுக்குப் போய்ச் சுற்றுவதாகத் திட்டம். வண்டியைப் பின்னால் எடுத்தேன், சரியாக வந்தது. சந்திலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் சின்ன மேட்டில் நின்றுவிட்டது. இன்ஜின் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை. தீய்ந்த நாற்றம் அடித்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் கூடித் தள்ளித்தான் வீட்டு வாசலுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம்.

முரளி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். "என்ன மச்சான், நேத்து லாரின்னு நெனச்சு மிதிச்சிட்டியா?"

"நான் ஒண்ணும் பண்ணலலா" என்றார் தேவா. "ஒரே ஒரு ரவுண்டு. பதினஞ்சு வருஷமா கியரு மாத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ராத்திரில பேய் வந்து மிதிச்சிட்டுப் போச்சா?" என்றான் ரவின். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். தள்ளி முடித்த ஆட்களுக்கு ஏதாவது சிரிக்க வேண்டியிருந்தது.

முரளியின் அப்பா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து மெல்லக் கேட்டார். "தம்பி, கிளட்ச் எப்ப போட்டது?"

"போன மாசந்தான் அங்கிள். புதுசா போட்டேன்."

கேள்விக்குச் சரியான பதில். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மருமகனைப் பார்க்காமல், வேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் போட்ட புது கிளட்ச்ச ஒரு ரவுண்டுல கருக்குறான். இவன்கிட்ட ஊரான் பிள்ளைங்கள ஏத்தி விடச் சொல்றீங்க."

அத்தனை பேர் முன்னால். தேவாவின் முகம் கறுத்துப்போனது. செல்வி உள்ளே போய்விட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், டயரில் ஒன்றும் இல்லை.

தேவா லாரி முதலாளிக்குப் போன் அடித்து அன்றைக்கு வரவில்லை என்றார். "நான் கெடுத்தேன்னு பேரு வந்தாச்சு, நானே பிரிச்சுப் பாக்குறேன். மச்சான், ஜாக்கு எங்க இருக்கு?"

சனிக்கிழமை, பகல். ஈப்போ.

தேவாவும் ரவினும் வண்டியை நான்கு தாங்கிகளின் மேல் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று முரளியும் நானும் சாமான் வாங்க ஈப்போவுக்குப் போனோம்.

ஈப்போவைப் பற்றி நிறைய எழுதலாம். பழைய நகரத்து மாடிக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் திடீரென்று முளைத்து நிற்கும் மலைகள், வெள்ளைக் காப்பிக்கு வரிசையில் நிற்கும் வெளியூர்க் கூட்டம். எல்லாம் இருந்தன. நான் எதையும் பார்க்கவில்லை. முரளி தன் காரை ஓட்டியபடி வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"மனசுல வெச்சுக்காதேலா. மச்சான் நல்ல ஆளு, கொஞ்சம் முரடு. சாமான் செலவு நான் குடுக்குறேன்."

"அதெல்லாம் வேணாம்" என்றேன். பெருந்தன்மை போல ஒலித்தது.

மூன்று கடை ஏறி இறங்கி நான்காவதில் கிடைத்தது. கடை முதலாளியான தவுக்கே வயதான சீனர். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "மாவ் பாரு?" என்றார். மலாயில் பாரு என்றால் புதுசு. புதுசு வேண்டுமா, பழசு வேண்டுமா என்று கேட்கிறார். என் காதில் அது தமிழாக விழுந்தது. பாரு, உன்னைப் பாரு.

"பாருதான் போஸ்" என்றான் முரளி எனக்காக. "இவன் எப்பவும் பாருதான் போடுவான். போன மாசங்கூட பாரு."

போன மாதம் புதுசு, இந்த மாதம் காலியா என்று தவுக்கே மலாயில் கேட்டார். அப்படியானால் சாமானைக் குறை சொல்லாதே, ஓட்டினவனைச் சொல் என்று சிரித்தார். முரளியும் வேறு வழியில்லாமல் சிரித்தான். தட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் மூடியும் பேரிங்கும் சேர்த்து நானூற்று இருபது வெள்ளி. இந்த முறை பெட்டியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

பக்கத்துத் தமிழ் முஸ்லிமின் மாமாக் கடையில் நாசி கண்டார், கறிச்சோறு, வாங்கினோம். தேவாவுக்கு ஆட்டிறைச்சி பிடிக்கும் என்று முரளி சொன்னான். நான் இரட்டைப் பங்கு வைக்கச் சொன்னேன். செய்த காரியத்துக்கு இறைச்சித் துண்டு ஈடாகும் என்று என் புத்தி நினைத்தது.

சனிக்கிழமை, மாலை. ரெண்டாம் டிவிஷன்.

திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முன்கூரையின் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ரவின் போனை ஒரு பெயிண்ட் டின்மேல் சாய்த்து வைத்து, யாரோ வெள்ளைக்காரன் இதே வண்டியைப் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வெள்ளைக்காரனின் பட்டறையில் காரைத் தலைக்கு மேல் தூக்கும் இயந்திரம் இருந்தது. இங்கே தேவா முதுகுக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் போட்டு மல்லாந்து கிடந்தார். மேலேயிருந்து கியர் எண்ணெய் சொட்டியது.

கியர்பாக்ஸை இறக்க நான்கு பேரும் தேவைப்பட்டோம். ஜாக்கைக் கீழே கொடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, "மெல்ல, மெல்லலா!" என்று அலறி, ஒரு கட்டத்தில் என் விரலை நசுக்கி, ஒருவழியாக வெளியே இழுத்தோம். முரளியும் ரவினும் கை கழுவப் போனார்கள். தேவா மட்டும் அடியிலேயே கிடந்து, கிளட்ச் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.

மூடி கழன்று தேவாவின் நெஞ்சுமேல் வந்தது. அவர் அதைத் திருப்பினார். கைவிளக்கை அருகில் கொண்டுபோனார்.

கறுத்த இரும்பில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஓர் எண்ணும் இரண்டு எழுத்தும் கிறுக்கியிருந்தது. பொத்தோங் கடைக்காரர்கள் எல்லாச் சாமானிலும் அப்படித்தான் எழுதிவைப்பார்கள். லாரி ஓட்டுகிறவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச் சாமானில் யாரும் அப்படி எழுதுவதில்லை.

அவர் என்னைப் பார்த்தார்.

"இது பொத்தோங் கட சாமான்."

"ம்."

"காலைல மாமா கேட்டாரு. உங்களத்தான் கேட்டாரு."

"தேவா, நான் என்ன சொன்னேன்னா..."

"நான் இப்ப போய்ச் சொன்னேன்னு வைங்க, சாக்குச் சொல்றான்னு சொல்லுவாங்க. விருந்தாளி மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன்." மூடியைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளினார். பெட்ரோலில் நனைத்து வைத்திருந்த துணியை அதன்மேல் போட்டார். "உங்க சாமான். எழுத்து இருக்கணுமா, வேணாமான்னு நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் அடியில் புகுந்துகொண்டார்.

வாசலில் முரளி செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நான் துணியை எடுத்தேன். துடைத்தேன். பெட்ரோலுக்கு அந்த மஞ்சள் சுலபமாகப் போய்விட்டது. இதுவரை சொன்னதில் எதையும் இதோடு வைத்துப் பேச முடியாது. காலையில் நான் வாய் திறக்காமல் இருந்தது கோழைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இது கையால் செய்தது.

"தட்டு எப்படி?" என்று முரளி கேட்டான்.

"சுத்தமா தேஞ்சுபோச்சு" என்றார் தேவா, அடியிலிருந்து.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் செல்வி எனக்கு மீன் துண்டை எடுத்து எடுத்து வைத்தாள். முரளியின் அப்பா வெளியே நின்று வெகுநேரம் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை.

முரளியின் அப்பா கோயிலுக்குப் போய்விட்டார். நாங்கள் புதுத் தட்டைப் போட்டோம். தட்டு நட்டநடுவில் உட்கார்ந்தால்தான் கியர்பாக்ஸின் தண்டு உள்ளே நுழையும். அதற்கென்று ஒரு கருவி உண்டு. எங்களிடம் இல்லை. துடைப்பக் கட்டையை அறுத்து, டேப் சுற்றிச் சுற்றி அளவாக்கி அதை வைத்து நிறுத்தினோம். செல்வி வந்து தன் துடைப்பம் எங்கே என்று கேட்டாள். நான்கு ஆண்களும் நான்கு திசையில் பார்த்தோம்.

கியர்பாக்ஸ் ஏற மறுத்தது. ஒரு விரல் அளவு பாக்கி வைத்து நின்றுகொண்டது. தூக்கினோம், இறக்கினோம், ஆட்டினோம். ரவின் வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டான். "உன் வெள்ளைக்காரன வந்து கைகுடுக்கச் சொல்லுலா" என்றான் முரளி. தேவா பின்பக்கத் தண்டைக் கையால் லேசாகத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். டொக் என்று ஒரு சத்தம். உள்ளே போய் உட்கார்ந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். தேவா எண்ணெய்க் கையால் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த ஒரு கணம் நான் எதையும் செய்யாதவன் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டார். எனக்கும் ஞாபகம் வந்தது.

வண்டியைத் தரையில் இறக்கி இன்ஜினை ஓடவிட்டபோது முரளியின் அப்பா நெற்றியில் திருநீறோடு வந்து சேர்ந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடு ஏறுகிறதா, எல்லாக் கியரும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தேவா இயல்பாகக் கதவைத் திறந்தார்.

"நீ வேணாம்" என்றார் மாமனார். "வண்டிக்காரரே ஓட்டட்டும். ஒரு தடவ பட்டது போதும்."

தேவா கதவை விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நேற்றுப் போல எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அங்கிள், அவரு ஓட்டட்டும்" என்றேன். "அவரு ஒண்ணும் கருக்கல. கிளட்ச் பழசு."

"நீங்கதானே தம்பி, புதுசா போட்டேன்னீங்க?"

"புதுசாத்தான் போட்டேன். போட்டது பழசு."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கவைக்க வேண்டியிருந்தது. பொத்தோங் கடையில் எடுத்தது என்றேன். வரும் வழியிலேயே கோப்பெங்கில் வழுக்கியது, தெரிந்தேதான் சாவியைக் கொடுத்தேன் என்றேன். "மூடில கடைக்காரன் எழுதுன மஞ்ச எழுத்து இருந்துச்சு. தேவா பாத்தாரு. நான் தொடச்சிட்டேன்." சொல்லிக்கொண்டே போனபோது என் குரல் யாரோ வேறு ஆளுடையது மாதிரி இருந்தது. முரளி என்னைப் பார்த்தான், பிறகு பார்க்காமல் இருந்தான். அது பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ரவின் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பெரியவர் திட்டவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"இத நேத்துக் காலைல சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு முதல் தடவையாக மருமகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "வேன, வேலயில்லாம இருக்குற பக்கத்துத் தெரு கோபாலு ஓட்டட்டும்னு நேத்து ராத்திரி வாக்கு குடுத்துட்டேன். காலைல கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். அவன் பொண்டாட்டி எங்கால்ல விழுந்து கும்புட்டுட்டுப் போவுது. இனிமே நான் எப்படி..."

நான் சொன்ன உண்மை தேவாவுக்கு ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லாத நேரத்தில் வந்து நின்றது. எனக்கு மட்டும் பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

தேவா வேனை ஒரு முறை பார்த்தார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார். "சாவி குடுங்க."

கொடுத்தேன். இந்தத் தடவை செல்வி சிரிக்கவில்லை. மேட்டில் வண்டி நின்று, நின்ற இடத்திலிருந்து ஒரு இழுப்பும் இல்லாமல் ஏறிப் போனது. செம்பனைக்குள் மறைந்த பிறகு சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறுவது காதுக்குத் தெரிந்தது. எங்கேயும் ஒரு உதறல் இல்லை. வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். முரளியின் அப்பா கண் மங்கியவர் என்பதால் எங்களைவிட நன்றாகக் கேட்டிருப்பார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தேவா வந்து வண்டியைப் பின்னோக்கி ஒரே வளைப்பில் நிறுத்தினார். "கிளட்ச் நல்லா இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார். கையெல்லாம் எண்ணெய் என்று குளிக்கப் போனார். சாயங்காலம் ஆலைக்குக் குலை ஏற்ற வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை, பகல். திரும்பும் வழி.

முரளி கேட்டைத் திறந்துவிட்டான். "பாத்துப் போ" என்றான். போய்ச் சேர்ந்ததும் போன் அடி என்று எப்போதும் சொல்வான், இன்று சொல்லவில்லை. "போறேன்" என்றேன்.

செல்வி அதற்குள் ஓடி வந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. "போறேன்னு சொல்லாதீங்கண்ணே. வாரேன்னு சொல்லுங்க."

என்னால் முடிந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லாமல் போயிருப்பேன். இன்னொரு பொய்யாகிவிடுமோ என்ற பயம். அவள் சொல்லும்வரை விடமாட்டாள் போல நின்றாள். "வாரேன்" என்றேன். பையை ரவினின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

வண்டி அருமையாக ஓடியது. மூன்று வருடத்தில் அப்படி ஓடியதில்லை. கோப்பெங் ஏற்றத்தில் ஒரு மிதிக்கு ஒரு பாய்ச்சல். ரவின் தூங்கவில்லை, பேசவும் இல்லை. இடது பக்கம் குலை ஏற்றிய லாரிகள் வரும்போதெல்லாம் நான் வேகத்தைக் குறைத்தேன். முந்திப் போக எனக்கு என்னவோ போலிருந்தது.

கிள்ளானில் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒருவன் வந்து இப்படிச் செய்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டு ஓட்டினேன். கேட்டை அறைந்து சாத்தியிருப்பேன். கிள்ளான் முழுக்கச் சொல்லியிருப்பேன். என் தங்கை அவன் வண்டி மறையும்வரை மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அது எங்கள் வீட்டுச் சுபாவம்.

தாப்பாவில் நிறுத்தினோம். ரவின் பையைப் பிரித்தான். உள்ளே இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாழையிலையில் கட்டி, மேலே தாள் சுற்றியிருந்தது. புதுத் துடைப்பம் வாங்கக்கூட நேரமில்லாத காலையில், புருஷனுக்கு வேன் இல்லை என்று கேட்ட பிறகு, அடுப்படியில் நின்று கட்டியது. அவன் தன் பொட்டலத்தைப் பிரித்தான். சம்பல், நெத்திலி, வெள்ளரிக்காய், ஒரு பொரித்த முட்டை.

என்னுடையதை வெகுநேரம் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். எனக்கும் முட்டை வைத்திருந்தாள்.